இருபது விநாடிக் கடற்கரை

நொச்சிக்குப்பத்துக்கு கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் விடியலில்தான் போவார்கள். நான் போனது பகல் பன்னிரண்டு மணிக்கு. அகச்சிவப்புப் படம் எடுக்க உச்சி வெயில்தான் தோது. லென்ஸுக்கு முன்னால் 720 நானோமீட்டர் ஃபில்டர். கண்ணுக்கு அது வெறும் கறுப்புக் கண்ணாடி, அதனால் ஃபோகஸ் செய்த பிறகுதான் மாட்ட வேண்டும். ட்ரைபாட், எஃப் 8, இருபது விநாடி. திரையில் எல்லாம் சிவப்பாக வந்தது. கறுப்புவெள்ளைக்கு மாற்றியதும் வானம் இருண்டது, வேப்பமரம் பஞ்சாக வெளுத்தது. எட்டிப் பார்த்த பையன் கேட்டான்: "இன்னாண்ணா, மரத்துக்கு வயசாயிடுச்சா?"

வயசாகவில்லை, உயிரோடு இருப்பதால்தான் அந்த வெளுப்பு. இலையின் பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சாமல் விட்டுவிடும். உள்ளே இருக்கும் திசுக்கள் அதைத் திருப்பி அனுப்பிவிடும். இதற்கு 'வுட் விளைவு' என்று பெயர். மரத்துக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. 1910இல் இத்தகைய படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட்டின் பெயர் அது. அதற்கு 110 வருஷம் முன்பே, 1800இல், வில்லியம் ஹெர்ஷல் நிறமாலையின் சிவப்பைத் தாண்டி வெப்பமானியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியைக் கண்டுபிடித்திருந்தார்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவம் இதைப் பிடித்துக்கொண்டது. பச்சைச் சாயம் பூசிய வலையும் பச்சை இலையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியலாம். அகச்சிவப்பு ஃபிலிமில் குட்டு வெளிப்பட்டுவிடும். நம் பக்கத்தில் அது வேறு வேலைக்கு வந்தது. 1970இல் பிஷாரடி தலைமையிலான குழு கேரளத்தின் தென்னந்தோப்புகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் பறந்து, வேர்வாடல் நோய் தாக்கிய மரங்களைத் தேடி அகச்சிவப்பு வண்ண ஃபிலிமில் படமெடுத்தது. நல்ல மரம் அதில் அடர்சிவப்பு, நோயாளி மரம் அப்படி இருக்காது. இந்தியத் தொலையுணர்வின் தொடக்கம் அந்தத் தோப்புதான். 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோளின் கேமராக்களிலும் அகச்சிவப்புக்கு ஒரு அலைவரிசை இருந்தது.

டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு இந்த ஒளி இயல்பாகவே தெரியும். நிறம் கெட்டுவிடும் என்பதால் தயாரிப்பாளர்களே சென்சார் முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி வைக்கிறார்கள். டிவி ரிமோட்டை கேமராவுக்குக் காட்டி அழுத்திப் பாருங்கள். விளக்கு மின்னுவது திரையில் தெரிந்தால், தடுப்பைத் தாண்டிக் கொஞ்சம் கசிகிறது என்று அர்த்தம். அந்தக் கசிவை வைத்துத்தான் ஆரம்பம், அதனால்தான் இருபது விநாடி. தடுப்பைக் கழற்றி மாற்றிய கேமரா இருந்தால் கையில் பிடித்தே எடுக்கலாம், ஆனால் செலவு.

அந்த இருபது விநாடியில்தான் சிக்கல். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினேன். அலை பால்போலப் பரவியிருந்தது, படகுகள் கல்வெட்டு மாதிரி நின்றன, லூப் சாலையில் ஆளே இல்லை. நான் நின்றபோது அங்கே கூட்டம், ஸ்கூட்டர், பேரம் எல்லாம் இருந்தது. நகர்ந்தவர்களெல்லாம் அழிந்துவிட்டார்கள். 2023 ஏப்ரலில் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து மாநகராட்சி மீன்கடைகளை அகற்ற வந்தபோது இந்தச் சாலையைத்தான் குப்பத்து மக்கள் மறித்தார்கள். 2024இல் புது மீன் அங்காடி திறந்தது. காலிச் சாலையை அழகு என்று காட்டும் படங்கள் இங்கே ஏற்கெனவே நிறைய. மறைந்திருப்பதைக் காட்ட வந்த கருவியால் நானும் அப்படி ஒன்றை எடுத்திருக்கிறேன்.

மறுநாள் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன். "இருபது எண்ற வரிக்கும் ஆடாம இருக்கணுமா? வஞ்சிரம் காத்துனுகீது தம்பி, நீ எடுத்துக்கோ" என்று வெட்டுவதைத் தொடர்ந்தார். படத்தில் முகம் தெளிவு, கத்தியும் கையும் புகை.