அப்பா கொடுத்த ஷேர், அரசாங்கம் மறக்காத விலை

ஊரில் சொந்தக் கம்பெனி நடத்தும் அப்பா, வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை பெயருக்கு ஷேர்களை மாற்றிக் கொடுப்பது நம் குடும்பங்களில் சகஜம். "விற்றால்தானே வரி, கொடுத்தால் கிடையாதே" என்பார்கள். பாதி உண்மை. மீதிக்குக் கொஞ்சம் சரித்திரம் பார்க்க வேண்டும்.

மூலதன ஆதாய வரி முதலில் வந்தது 1947 பட்ஜெட்டில். கொண்டு வந்தவர் லியாகத் அலி கான், பின்னாளில் பாகிஸ்தானின் முதல் பிரதமர். 1948 ஏப்ரல் முதல் அது கைவிடப்பட்டது. 1956-ல் கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் கால்டார் சிபாரிசு செய்ய, நம்ம டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது திரும்பி வந்தது.

கால்டார் பட்டியலில் அன்பளிப்பு வரியும் இருந்தது. முந்த்ரா விவகாரத்தில் டி.டி.கே. ராஜினாமா செய்துவிட, 1958 பட்ஜெட்டைப் படித்தவர் பிரதமர் நேரு. அதில்தான் அன்பளிப்பு வரி வந்தது. அதன்பின் நாற்பது வருஷம், பெற்ற பிள்ளைக்கே கொடுத்தாலும், வரம்பைத் தாண்டினால் கொடுத்தவர் வரி கட்ட வேண்டும். 1998 அக்டோபரில்தான் அது ஒழிந்தது. பிறகு 2004-ல் வெளியார் தரும் பணமும், 2009-ல் ஷேர்களும், வரம்புக்கு மேல் போனால் வாங்குபவரின் வருமானமாயின. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற உறவுகளுக்கு விலக்கு.

சரி, அப்படியென்றால் வரியே இல்லையா? இருக்கிறது, தள்ளிப் போயிருக்கிறது. அப்பா 2005-ல் பத்து ரூபாய்க்கு வாங்கிய ஷேரை மகளுக்குக் கொடுத்தார், மகள் 2025-ல் 510 ரூபாய்க்கு விற்றார் என்று வையுங்கள். கொடுத்த அன்றைய விலை கணக்கில் வராது. மகளின் லாபம் 500 ரூபாய், 12.5 சதவீத வரி 62.50, செஸ் தனி. அப்பா வைத்திருந்த காலமும் மகள் கணக்கில் சேரும், அது ஒரு நன்மை.

2004 முதல் 2018 மார்ச் வரை நீண்டகால ஷேர் லாபத்துக்குக் கிடைத்த முழு விலக்கு, சந்தையில் விற்ற ஷேர்களுக்கு மட்டும்தான். குடும்பக் கம்பெனிகளுக்கு இருந்த ஆறுதல், விலைவாசிக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டும் சலுகை. 2024 ஜூலை 23 முதல் அதுவும் போனது. வரி விகிதம் இருபதிலிருந்து 12.5 ஆனது.

எனவே ஷேரோடு அப்பா வாங்கிய விலைக்கான காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியது என்றால், 2001 ஏப்ரல் 1 மதிப்பையே அடக்கவிலையாக எடுக்கலாம். அதற்கும் கணக்குப் புத்தகம் வேண்டும். அவர் இருக்கும்போதே தேடி எடுப்பது சுலபம்.