பதக்கத்தின் மறுபக்கம்

வெள்ளியில் வார்த்த சிறிய வட்டம். ஒரு முகத்தில் விக்டோரியா அரசியின் தலை. மறு முகத்தில் குவித்து வைத்த படைக்கலங்கள். பீரங்கியும் நங்கூரமும் நடுவே அரச கேடயமும். அடியில் ‘சீனா 1842’ என்ற பொறிப்பு. மேலே இலத்தீன் மொழியில் ஒரு வாசகம்: ‘படைக்கலத்தால் அமைதியைக் கேட்டுப் பெறுதல்’ என்பது அதன் பொருள்.

அமைதி கேட்கச் சென்றனராம், பீரங்கியோடு! கெட்டுப்போனது யாருடைய அமைதி? கெடுத்தவர் யார்? பதக்கம் விடை கூறாது. வரலாறு கூறும்.

வங்கத்துப் பகுதிகளில் உழவனுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடியைப் பயிரிடச் செய்தது கிழக்கிந்தியக் கம்பெனி. விளைந்த அபினைக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. சீன அரசு அபினைத் தடை செய்திருந்ததால் கம்பெனி தன் கையால் அதை அங்கே இறக்கவில்லை. ஏலம் எடுத்த வணிகர் கள்ளத்தனமாக இறக்கினர். காசு மட்டும் கம்பெனிக்கு வந்தது, கறை படாத காசைப்போல!

1839ஆம் ஆண்டு காண்டன் நகருக்கு வந்த ஆணையர் லின் செசூ, 20,000 பெட்டிகளுக்கு மேற்பட்ட அபினைக் கைப்பற்றி, ஹூமன் கடற்கரையில் அழித்தார். தன் மக்களை நஞ்சினின்று காக்க ஓர் அரசு செய்த செயல் அது. அதற்கு மறுமொழியாக 1840இல் வந்தது பிரிட்டிஷ் கடற்படை.

இங்கிலாந்திலே அனைவரும் இதனை ஏற்றனரா? இல்லை. இந்தப் போர் அநீதியானது, நாட்டுக்கு நீங்காத இழிவு என்று நாடாளுமன்றத்திலே இடித்துரைத்தார் இளைஞர் கிளாட்ஸ்டன். அரசைக் கண்டிக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 262; எதிர்ப்பு 271. ஒன்பதே வாக்குகளில் தப்பியது அரசு. தடையின்றித் தொடர்ந்தது போர்.

அந்தப் போருக்குச் சென்றவர்களில் நம்மவரும் இருந்தனர். தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்த சென்னைப் படையின் பல அணிகள் கப்பலேறின. கடல் கடந்தால் சாதி கெடும் என்று சாத்திரம் மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மிரட்டலை மீறிக் கடல் தாண்டினான் சென்னைச் சிப்பாய். ஆனால் எதற்காக? சாத்திரத்தின் தளையை மீறியவன், கம்பெனியின் தளையைக் கழற்றினானில்லை. ஊதியம் தந்தவன் கைகாட்டிய திசையில் நடந்தான்.

1841 மே மாதம். காண்டனுக்கு அருகே சான்யுவான்லி என்னும் சிற்றூர். சென்னைப் படையின் 37ஆம் அணியைச் சேர்ந்த ஏறத்தாழ அறுபது பேர், கொட்டும் மழையில் வழி தவறித் தனிமைப்பட்டனர். மருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்க மறுத்தன. ஈட்டியும் கழியும் ஏந்திய உழவர் கூட்டம் சூழ்ந்தது. சிப்பாய்கள் சதுர அணி வகுத்து, உதவிப்படை வரும்வரை தாக்குப்பிடித்தனர்.

சிப்பாயின் துணிவை எவரும் மறுக்க இயலாது. ஆனால் எதிரே நின்றவன் யார்? தன் வயலையும் வீட்டையும் காக்க வந்த உழவன். இங்கே உழவன் மகன். அங்கேயும் உழவன் மகன். இருவருக்கும் இடையே என்ன பகை? அபின் பெட்டி ஒன்றுதான் பகை!

1842 ஆகஸ்டு 29இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஹாங்காங் தீவு பறிபோயிற்று. 1997ஆம் ஆண்டில்தான் அது சீனாவிடம் திரும்பியது. சீனா செலுத்த வேண்டிய தொகை 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர். அதில் 60 லட்சம், அழிக்கப்பட்ட அபினுக்கு விலை! நஞ்சை அழித்தவனே நஞ்சுக்கு விலை கொடுத்தான். சண்டைக்கான செலவும் அவன் தலையிலேயே விழுந்தது.

வணிகனுக்கு அபினின் விலை கிடைத்தது. அரசுக்குத் தீவு கிடைத்தது. சிப்பாய்க்குப் பதக்கம் கிடைத்தது.

அந்தப் பதக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. இந்தியத் தலைமை ஆளுநர் எல்லன்பரோ பிரபுவின் யோசனையில் பிறந்தது அது. வில்லியம் வையான் முதலில் வரைந்த வடிவத்தில், பிரிட்டிஷ் சிங்கம் சீன நாகத்தைக் காலடியில் அழுத்திக்கொண்டிருந்தது. சீனர் மனம் புண்படும் என்று அதனைக் கைவிட்டனர். ஊரைத் தாக்கலாம், உயிரைப் போக்கலாம், உள்ளம் மட்டும் புண்படக்கூடாதாம்! உண்மையை ஒளிக்காமல் காட்டிய படம் நீங்கியது. அமைதி என்னும் சொல் அந்த இடத்தில் அமர்ந்தது. பின்னர் 1857 முதல் 1860 வரை சீனாவின்மீது மீண்டும் படையெடுத்தபோதும், ஆண்டை மட்டும் நீக்கிவிட்டு, அதே வடிவத்தையும் அதே வாசகத்தையும் பயன்படுத்தினர். இருமுறை ‘அமைதி’ கேட்டாயிற்று!

இளைஞர்களே, அந்தப் பதக்கத்தை அணிந்த ஏழைச் சிப்பாயை எள்ளி நகையாட வேண்டா. அவன் அறியாதவன், பிழைப்புக்காகப் போனவன். அணிவித்தவர்கள் அறிந்தே செய்தனர். ஆகவே எந்தப் பதக்கத்தைக் கண்டாலும், அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். எழுதாமல் விட்டது என்ன என்று கேளுங்கள். அந்த வெள்ளி வட்டத்தின் இரு முகங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும், ஒரு சொல் மட்டும் கிடைக்காது: அபின்.