படுவான்கரையில் ஓர் எழுத்துப் பாறை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. எழுவான்கரையிலிருந்து எங்கள் வாப்பாமார் வேளாண்மை செய்யப் போன பக்கம் அது. நான் போனது கல்லில் எழுத்துப் பார்க்க. குருமண்வெளித் துறையில் பாதையேறி, மண்டூரில் இறங்கி, முருகன் கோயிலைக் கடந்து வயல் வழியே வெல்லாவெளி.

பாறையில் இருப்பது பிராமி. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் வாசித்துக் காட்டும்வரை பல நூற்றாண்டுகளாக வாயடைத்துக் கிடந்த எழுத்து. இலங்கையின் பழைய குகைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்லும்: இன்னாருடைய குகை சங்கத்துக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவருக்கு அடிக்கடி வரும் பட்டம் ‘பருமக’. பரணவிதான அதை வடமொழிப் ‘பிரமுக’ என்றார். தமிழறிஞர் சிலர் ‘பெருமகன்’ என்பர். மொழி பிராகிருதம், கொடை பௌத்தம் என்பதில் சண்டையில்லை. ஆனால் கொடுத்தவர் சிங்களவராகத்தான் இருக்கவேண்டும் என்பது கல்லில் இல்லாத வரி. அநுராதபுரத்துப் பிராமிக் கல்வெட்டொன்று தமிழ் இல்லறத்தாரின் மாளிகைத் தளத்தையே குறிக்கிறது.

2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருளுக்கென ஜனாதிபதி செயலணி அமைந்தபோது, முதலில் நியமிக்கப்பட்டவர்களில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. அதற்குப் பிறகு இப்பக்கம் கல்லைப் பார்க்க ஆள் வந்தாலே சனத்துக்கு நெஞ்சிடிதான்.

நான் எழுத்தைக் கொப்பியில் வரைந்துகொண்டிருக்க, மாடு சாய்த்து வந்த முதியவர் நின்றார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.

“சேர், இதால நம்மட காணி போகுமா?”