விண்டோஸ் போட்டாச்சு... வைஃபை, சவுண்டு வரலையா? பழைய அரசு லேப்டாப்பில் டிரைவர் சிக்கலைத் தீர்ப்பது எப்படி?

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப். நான்கைந்து வருடம் பரணில் கிடந்தது. இப்போது பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை கிடைத்து, நான்கு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியாச்சு. ஷிப்ட் முடிந்து வந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கலாம், ரெஸ்யூம் அடிக்கலாம் என்று ஊரில் இருந்து அதை எடுத்து வந்தால், ஆன் ஆகவே பத்து நிமிஷம். சரி, புதுசா விண்டோஸ் போட்டுடலாம் என்று போட்டால் ஸ்கிரீன் மங்கல், சவுண்டு இல்லை, வைஃபை சின்னமே காணோம். கடைக்குக் கொண்டுபோனால், "பழைய மாடல் தம்பி, டிரைவர் கிடைக்காது" என்று பதில் வருகிறது.

உண்மையிலேயே கிடைக்காதா? பெரும்பாலும் கிடைக்கும். எங்கே தேடுவது என்பதுதான் விஷயம்.

எத்தனை லேப்டாப்?

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இவற்றில் இருந்தது. பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த பாஸ் இங்கே கடைசியில் கைகொடுக்கும்.

இவற்றில் எத்தனையோ இன்னும் ஓடுகிற நிலையில்தான் இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது. குரோம் பிரவுசரும் 2023-ல் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள். விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். முதல் சில வருடங்களில் வாங்கிய லேப்டாப்களில் அதற்கு வழியே இல்லை.

டிரைவர் என்றால் என்ன, ஏன் காணாமல் போகிறது?

வைஃபை சிப், சவுண்டு சிப், டச்பேட் எல்லாம் வேறு வேறு கம்பெனிகள் செய்தவை. ஒவ்வொன்றிடமும் விண்டோஸ் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தரும் சின்ன மென்பொருள்தான் டிரைவர். லேப்டாப் புதிதாக வரும்போது, தயாரித்த நிறுவனமே எல்லாவற்றையும் போட்டு அனுப்பியிருக்கும். ஃபார்மட் அடித்தால் அது மொத்தமும் போய்விடும். மைக்ரோசாஃப்ட் தரும் வெறும் விண்டோஸில் பொதுவான டிரைவர்கள் மட்டுமே இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து 2 ஜிபி ரேம் லேப்டாப்பில் 32 பிட் விண்டோஸ் இருந்திருக்கலாம். இப்போது 64 பிட் போட்டால் பழைய 32 பிட் டிரைவர் ஒட்டாது. சிடியைப் பத்திரமாக வைத்திருந்தும் வேலைக்கு ஆகாமல் போவது இதனால்தான்.

ஃபார்மட் அடிக்கும் முன்பு

போட்டோ, சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு மாற்றுங்கள். இது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அவசரத்தில் பலர் மறப்பதும் இதுதான். அதோடு, பலருக்குத் தெரியாத இன்னொரு ஃபோல்டரையும் எடுத்து வைக்க வேண்டும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெபாசிட்டரி. இந்தக் கடைசி ஃபோல்டரை அப்படியே காப்பி செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பில் இப்போது வேலை செய்துகொண்டிருக்கும் அத்தனை டிரைவரும் அதில்தான் இருக்கின்றன. சில ஜிபி இடம் பிடிக்கும், பரவாயில்லை.

லேப்டாப்பில் ஏற்கெனவே விண்டோஸ் 10 இருந்து, மெதுவாக ஓடுவது மட்டும்தான் பிரச்னை என்றால், ஃபார்மட்டே தேவைப்படாமல் போகலாம். செட்டிங்ஸில் உள்ள 'ரீசெட் திஸ் பிசி' மூலம் விண்டோஸைப் புதுப்பித்தால் டிரைவர்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே போட்டாச்சு, இப்போ என்ன பண்றது?

முதலில் சி டிரைவைத் திறந்து 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள். பார்ட்டிஷனை அழிக்காமல் புது விண்டோஸ் போட்டிருந்தால் பழையது அதில் அப்படியே கிடக்கும். மேலே சொன்ன ஃபைல்ரெபாசிட்டரி அதற்குள்ளும் இருக்கும். சுமார் 10 நாளில் விண்டோஸ் அதைத் தானாகவே அழித்துவிடும் என்பதால் உடனே எடுத்து வைப்பது நல்லது.

அது இல்லையென்றால் இன்டர்நெட்தான் வழி. வைஃபையே வரலையே, அப்புறம் எப்படி? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்புடன் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் 'யுஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் இதற்குத் தனியாக எந்த டிரைவரும் தேவையில்லை. போனில் டேட்டா இருந்தால் போதும். போனே வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பையும் லேப்டாப்புக்குக் கொடுக்கும். (டிரைவர் டவுன்லோடு பண்ணவே இன்டர்நெட் வேணும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேணும் என்று பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரு சார்ஜர் கேபிளில் முடியும் வேலை.)

இணைத்த பிறகும் எந்தத் தளமும் திறக்கவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள். வருடக்கணக்கில் கிடந்த லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது. தேதியைச் சரிசெய்தால் திறந்துவிடும்.

பிறகு விண்டோஸ் அப்டேட்டை ஓட விடுங்கள். முடிந்ததும் அதே பக்கத்தில் 'வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்பதில் 'டிரைவர் அப்டேட்ஸ்' இருக்கும். பாதிப் பிரச்னை இங்கேயே தீரும்.

மஞ்சள் ஆச்சரியக்குறி போகலையா?

விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தி 'டிவைஸ் மேனேஜர்' திறந்தால், டிரைவர் இல்லாதவை மஞ்சள் ஆச்சரியக்குறியுடன் நிற்கும். கோட் 28 என்று காட்டினால் டிரைவர் போடவே இல்லை என்று அர்த்தம். டிஸ்பிளே பகுதியில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லை. பிரைட்னஸ் குறையாததும் படம் மங்கலாகத் தெரிவதும் அதனால்தான்.

'அன்நோன் டிவைஸ்' என்று மட்டும் காட்டினால்? அதன் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், அதில் 'ஹார்ட்வேர் ஐடிஸ்'. அங்கே வரும் வரியில் 'வென்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள நான்கு இலக்கம் சிப் செய்த கம்பெனியைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10இசி என்றால் ரியல்டெக், 14இ4 என்றால் பிராட்காம், 168சி என்றால் ஏதெராஸ். 'டெவ்' என்பதற்குப் பின்னால் உள்ளது அந்த சிப்பின் மாடல். யுஎஸ்பி வழியாக இணைந்த சாதனமாக இருந்தால் இவை 'விஐடி', 'பிஐடி' என்று இருக்கும்.

இந்த வரியை அப்படியே காப்பி செய்து மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் தேடினால், விண்டோஸ் அப்டேட்டில் தானாக வராத பழைய டிரைவர்களும் கிடைக்கும். வருவது கேப் ஃபைலாக இருக்கும், அதைப் பிரித்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்' மூலம் அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். எடுத்து வைத்த ஃபைல்ரெபாசிட்டரியையும் இப்படியே காட்டலாம். 'இன்க்ளூட் சப்ஃபோல்டர்ஸ்' டிக் இருக்க வேண்டும்.

லேப்டாப் நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்தில், அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் போட்டும் தேடலாம். முதலில் சிப்செட் டிரைவர், பிறகு மற்றவை. விண்டோஸ் 10-க்கு என்று தனியாக இல்லாவிட்டால் விண்டோஸ் 8.1 டிரைவரைப் போட்டுப் பாருங்கள், பல நேரம் ஏற்றுக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். "ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்" என்று விளம்பரம் காட்டும் மென்பொருள்கள். அதில் சில, ஸ்கேன் மட்டும் இலவசமாகச் செய்துவிட்டு டிரைவர் போடப் பணம் கேட்கும். சில, கேட்காத வேறு புரோகிராம்களையும் சேர்த்து ஏற்றிவிடும்.

விண்டோஸ் ஒத்தே வரலைன்னா?

விண்டோஸ் 11-ஐ குறுக்கு வழியில் போட்டுத் தருகிறோம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. 24எச்2 பதிப்பில் இருந்து, கோர் 2 டியோ காலத்து பிராசஸர்களில் அது பூட்டே ஆகாது. விண்டோஸ் 10-ஐயே வைத்திருப்பவர்கள், மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் சிங்க் செய்தால் இதற்குக் கட்டணம் இல்லை.

2 ஜிபி ரேம் லேப்டாப்புக்கு லினக்ஸ்தான் பொருத்தம் என்பது சொல்லப்பட வேண்டிய விஷயம். அதில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால், போட்டவுடன் சவுண்டும் வைஃபையும் வந்துவிடும். பிராட்காம் வைஃபை சிப்தான் அடிக்கடி மக்கர் பண்ணும். பாஸ் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன், 2023-ல் வந்த 12-ம் பதிப்பில் இருந்து, வைஃபை சிப்களுக்குத் தேவையான ஃபர்ம்வேர் ஃபைல்களையும் இன்ஸ்டாலருடனேயே சேர்த்துத் தருகிறது.

லினக்ஸ் மின்ட் போன்றவற்றைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். ஆன் செய்யும்போது லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தினால் பூட் மெனு வரும். ஏசரில் எஃப்12-ஐ முதலில் பயாஸில் ஆன் செய்ய வேண்டியிருக்கலாம். வைஃபை வருகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று பென்டிரைவிலேயே பார்த்துவிட்டு, திருப்தியானால் மட்டும் இன்ஸ்டால் கொடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது சார்ஜர் செருகியே இருக்கட்டும். பத்து வருடப் பழைய பேட்டரியை நம்பி நடுவில் கரண்ட் போனால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.