ஏகபோகம்

'ஏக' என்றால் ஒன்று, 'போகம்' நுகர்வு. இரண்டும் வடசொல். கம்பம் பள்ளத்தாக்கில் போகம் என்றால் விளைச்சல்: இருபோக வயல். சோழர் காலத்தில் ஒரே பார்ப்பனருக்குக் கொடுத்த ஊர் 'ஏகபோக பிரம்மதேயம்'. வரும்படி முழுக்க ஒருவருக்கே. போடி பக்கத்துக் குரங்கணி மலைக்கு அந்தப்புறம் திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டில் ஏலக்காயை அப்படித்தான் வைத்திருந்தது. காடு திருத்திக் காய் பறித்தவர் வெளியே விற்க முடியாது.

இன்று ஏலக்காய் வாங்க போடிக்குப் போனால் டீக்கடையில்கூட கியூஆர் அட்டை. யுபிஐ பொதுப் பாதைதான், ஆனால் ஓடுவது பெரும்பாலும் போன்பேயும் கூகுள் பேயும். இரண்டு பேர் என்பதால் 'ஏக' இலக்கணப்படி இடிக்கும், போகத்தில் குறைவில்லை. மொத்த யுபிஐ பரிவர்த்தனையில் ஒரு செயலிக்கு 30 விழுக்காடுதான் உச்சம் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2020இல் சொன்னது. கெடு தள்ளித் தள்ளி 2026 கடைசிக்கு வந்திருக்கிறது.