ஆட்டோவுக்குள் ஒரு காற்றாடி

மோட்டார் சைக்கிளுக்கு வண்டி ஓடினாலே போதும். எதிர்காற்று வந்து எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். ஆட்டோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் எஞ்சின் பின்சீட்டுக்குப் பின்னால், தகரக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அம்பத்தூர் ஓ.டி.யில் ஆளை ஏற்றி, இன்னும் இரண்டு பேரை அமுக்கி உட்கார வைத்து, எம்.டி.எச். ரோடு நெரிசலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஆவடி வரை ஊர்ந்து போகும்போது எதிர்காற்றுக்கு எங்கே போவது? பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் என்று உள்ளே இறங்கி, மண் ரோட்டில் செங்கலோடு போகிற லோடு ஆட்டோவின் பாடு இன்னும் மோசம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான சென்னை இது. இந்த வெயிலிலும் அந்த எஞ்சின் தாக்குப்பிடிக்கிறது என்றால், காரணம் மேக்னெட்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு சின்னக் காற்றாடி.

அதைக் கொண்டுவந்தவர் ஆட்டோவைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு விமானப் பொறியாளர். இத்தாலிக்காரர் கொராதினோ தஸ்கானியோ. 1930-லேயே ஹெலிகாப்டர் செய்து பறக்கவிட்டவர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அவர் வேலை பார்த்த பியாஜியோ நிறுவனத்தின் விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. விமானம் செய்ய வழியில்லை. மக்களுக்கோ மலிவாக ஒரு வண்டி தேவை. தஸ்கானியோவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே ஆகாது. சங்கிலி எண்ணெய் துணியில் படுகிறது, பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு என்று அவருக்கு அதன்மேல் ஏகப்பட்ட புகார்கள். அதனால் தான் வடிவமைத்த ஸ்கூட்டரில் எஞ்சினைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தள்ளி, மேலே மூடி போட்டுவிட்டார். துணி தப்பியது, எஞ்சினுக்கு மூச்சு முட்டியது.

விமானக்காரருக்கு இதற்கு விடை தேட அதிக நேரம் ஆகியிருக்காது. காற்றில் குளிரும் எஞ்சினைக் கூடுபோட்டு மூடி, காற்றை அதன் ஃபின்களுக்கு (சூட்டை வெளிவிடும் தகட்டு வரிசைகளுக்கு) இடையே மட்டும் போக வைக்கும் வித்தை 1920-களின் கடைசியிலேயே அமெரிக்காவில் தேறிவிட்டது. விமானத்தில் காற்றைத் தள்ள வேகம் இருக்கிறது. ஸ்கூட்டரில் அது இல்லை. ஆகவே மின்பொறி தரும் மேக்னெட் சக்கரத்திலேயே இறக்கைகளை வார்த்து, அதிலிருந்து சிலிண்டர் ஹெட் வரை தகரத்தால் ஒரு காற்றுவழி கட்டினார்கள். 1946 ஏப்ரல் 23 அன்று ஃபிளாரன்ஸில் வெஸ்பா என்ற அந்த ஸ்கூட்டருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1948-ல் அதே குடும்பத்தில் ஆப்பே என்ற மூன்று சக்கரச் சுமை வண்டி பிறந்தது. 1959-ல் இந்திய அரசிடம் உரிமம் வாங்கிய பஜாஜ், பியாஜியோ தொழில்நுட்பத்தோடு இங்கே ஆட்டோவைக் கொண்டுவந்தது. 1977-ல் எஞ்சின் பின்பக்கம் போனது. இடம் மாறியதே தவிர, காற்றாடி மாறவில்லை.

இதில் நான் ரசிப்பது ஒன்று உண்டு. அந்தக் காற்றாடி வண்டி வேகத்துக்குச் சுற்றுவதில்லை, எஞ்சின் வேகத்துக்குச் சுற்றுகிறது. முதல் கியரில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் சேற்றை உழுதுகொண்டு போனாலும் எஞ்சின் முறுக்கோடு இருந்தால் காற்று முழு வீச்சில் வரும். டாப் கியரிலேயே மேம்பாலம் ஏற முயன்றால்தான் சிக்கல்: சுமை ஏறுகிறது, எஞ்சின் சுற்று குறைகிறது, கூடவே காற்றும் குறைகிறது. கியரைக் குறைக்காமல் முனக விட்டு ஏற்றுகிற ஓட்டுநர், காற்று அதிகம் வேண்டிய நேரம் பார்த்து அதைக் குறைக்கிறார்.

குறைந்தால் என்ன ஆகும்? பிஸ்டன் அலுமினியம்; பழைய 145 சிசி டூ ஸ்ட்ரோக்கில் அது ஓடிய சிலிண்டரோ வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். நடுவே இருந்த மயிரிழை இடைவெளி மறைந்து பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். “சீஸ் ஆயிடுச்சு” என்று மெக்கானிக் சொல்லும்போது விஷயம் இதுதான். அடுத்தது லேத்துக்குப் போய் போர் போட்டு வருவது. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி என்பதால் சூடு ஆற இடைவேளையும் கிடையாது.

சாலை இல்லாத இடத்துக்கென்றே பிறந்த மூன்று சக்கர வண்டி வேறொன்றும் உண்டு. குளிர்காலத்திலும் வியாபாரிகள் விற்க ஏதாவது கொடுங்கள் என்று ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை கேட்டது. ஒசாமு தகேயுச்சி என்ற பொறியாளர் பலூன் போன்ற டயர்களோடு ஒரு வண்டி செய்தார். 1970-ல் யுஎஸ் 90 என்ற பெயரில் கடைக்கு வந்தது. பிறகு ஏடிசி 90 ஆனது. 89 சிசி, 7 குதிரைத்திறன், காற்றுக் குளிர்ச்சி. அந்தச் சக்திக்குக் காற்று போதுமானதாக இருந்தது. பந்தயத்துக்கென்று 250 சிசி வரை போனதும் போதவில்லை. மணலில் முழு வீச்சில் முறுக்குகிறார்கள், ஃபின்களில் சேறு அப்பிக் காய்கிறது. 1985-ல் ஏடிசி 250ஆர் தண்ணீர்க் குளிர்ச்சிக்கு மாறியது. அதை ரசித்து ஓட்ட அதிக நாள் கிடைக்கவில்லை. இந்த வண்டிகள் கவிழ்ந்து பலர் அடிபட்டதால், 1988-ல் அமெரிக்காவில் இவற்றின் புது விற்பனையே நின்றது.

சேறும் சுமையும் கூடும்போது தண்ணீருக்குப் போவது ஆவடிக்குப் புதிதல்ல. 1987-ல் தொடங்கிய ஆவடி எஞ்சின் தொழிற்சாலை செய்த டி-72 டாங்கி எஞ்சின் 780 குதிரைத்திறன், தண்ணீரில் குளிர்வது. ஆனால் டாங்கியின் எஞ்சினும் இரும்புக் கூட்டுக்குள்தான் இருக்கிறது, அதற்கும் எதிர்காற்று கிடையாது. ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்க, எஞ்சின் சக்தியிலேயே சுற்றும் பெரிய காற்றாடி வைத்திருக்கிறார்கள். பக்கத்துச் சாலையில் போகும் ஆட்டோவின் ஏற்பாடுதான், அளவு மட்டும் வேறு.

சென்னை ஆட்டோக்கள் எல்பிஜிக்கு மாறியபோது சூடு பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும்; வாயுவாகவே எஞ்சினுக்குள் நுழையும் எரிபொருள் அந்த உதவியைச் செய்யாது. ஃபோர் ஸ்ட்ரோக்கும் வந்தது. இப்போது டிவிஎஸ் கிங் டூராமேக்ஸ் போன்ற 225 சிசி வண்டிகளில் ரேடியேட்டரே வந்துவிட்டது. அம்பத்தூரில் முருகப்பா குழுமம் செய்யும் மான்ட்ரா மின் ஆட்டோவில் எஞ்சினே இல்லை. இருந்தும் சாலையில் காற்றாடி வண்டிகள் ஏராளம் ஓடுகின்றன, அவற்றுக்கு நடக்கும் கைவைத்தியமும் தொடர்கிறது.

அந்த வைத்தியங்களில் மகா மோசமானது காற்றுவழித் தகரத்தைக் கழற்றிப் போடுவதும் அதில் ஓட்டை போடுவதும். காத்தோட்டமா இருக்கட்டும் என்பார்கள். காற்று ஃபின்களுக்குள் போகாமல் ஓட்டை வழியே வெளியேறிவிடும், அவ்வளவுதான். தகரத்தின் திருகுகளை முறுக்கி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் தகரத்தைக் கழற்றி, ஃபின்களில் எண்ணெயோடு சேர்ந்து காய்ந்த சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். செலவு அதிகம் ஆகாது. எஞ்சின் சூடேறியது தெரிந்தால் ஓரங்கட்டி, நியூட்ரலில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். அணைத்த கணமே காற்றாடியும் நின்றுவிடும். எஞ்சின் இறுகத் தொடங்கிவிட்டால் மட்டும் கிளட்ச்சைப் பிடித்து உடனே அணைக்க வேண்டும். அவசரத்தில் ஹெட்டின் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் விட்டால் ஹெட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.