விழப்போகும் பெயருக்கு வரிசையில் நின்ற கதை

1999ஆம் ஆண்டு நத்தார் நேரம். ஹொட்மெயிலில் ஈமெயில் பார்க்கப் போனவர்களில் கனபேருக்கு உள்ளே போக முடியவில்லை. சேர்வர் பழுதும் இல்லை, வைரஸும் இல்லை. ஹொட்மெயிலுக்குள் நுழைபவர்களைச் சரிபார்க்கிற வேலையை பாஸ்போர்ட் டொட் கொம் என்ற முகவரி செய்துகொண்டிருந்தது. அந்தப் பெயருக்கான 35 டொலர் கட்டணத்தை மைக்ரோசொஃப்ட் கட்ட மறந்துபோனது. அமெரிக்காவில் இருந்த ஒரு லினக்ஸ் புரோகிராமர் இதைக் கண்டுபிடித்து, தன்ர கிரெடிட் காட்டால் அந்த 35 டொலரையும் கட்டிவிட்டார். சேவை திரும்பி வந்தது. பிறகு மைக்ரோசொஃப்ட் அவருக்கு 500 டொலர் காசோலை ஒன்றை அனுப்ப, அவர் அதை ஈபேயில் ஏலத்துக்கு விட்டார்.

இணைய வரலாற்றின் பகிடிகளில் ஒன்றாகத்தான் இதை வழமையாகச் சொல்வார்கள். எங்களுக்குப் படுவது வேறு. அந்த மனிசன் பெயரைத் தனக்கென்று எடுக்கவில்லை, மற்றவரின் பில்லைக் கட்டினார், அவ்வளவுதான். ஐந்தாறு வருடம் கழித்து அப்படியொரு பெயர் விழுந்திருந்தால் அதைப் பிடிக்க வரிசையாக மெஷின்கள் காத்துக்கொண்டு நின்றிருக்கும். இடையில் என்ன நடந்தது?

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். டொமைன் பெயரை ஒருவரும் சொந்தமாக வாங்குவதில்லை. குத்தகைக்குத்தான் எடுக்கிறோம், அதுவும் ஒரே தடவையில் கூடினது 10 வருடம். தொடக்கத்தில் குத்தகைக் காசுகூட இருக்கவில்லை. 1985 மார்ச் 15 அன்று சிம்போலிக்ஸ் டொட் கொம் என்ற முதலாவது டொட் கொம் பெயர் பதியப்பட்டபோது அது இலவசம். 1995 செப்டெம்பரில்தான் அமெரிக்காவின் நெட்வேர்க் சொலூஷன்ஸ் என்ற கம்பனி இரண்டு வருடத்துக்கு 100 டொலர் என்று அறவிடத் தொடங்கியது. அதில் 30 வீதம் இணையக் கட்டுமானத்துக்கான நிதிக்குப் போனது. 1998இல் அந்தப் பகுதியை நீக்கியபிறகு வருடம் 50 டொலர் 35 ஆகக் குறைந்தது. மைக்ரோசொஃப்ட் மறந்த 35 டொலர் அதுதான். காசு கட்டவேண்டி வந்தபிறகுதான் 'கட்டாமல் விட்டால் பெயர் போய்விடும்' என்ற சங்கதியே வந்தது.

நெட்வேர்க் சொலூஷன்ஸ் மட்டும் கடை வைத்திருந்த காலத்தில் விழுந்த பெயருக்குப் பெரிய போட்டி இருக்கவில்லை. 1999இல் ஐகான் அமைப்பின் மேற்பார்வையில் மற்றக் கம்பனிகளும் பெயர் விற்கலாம் என்று ஆனது. பதிவேட்டுப் புத்தகம் ஒன்று, அதற்கு முன்னால் கவுண்டர்கள் பல. கவுண்டர்களுக்கு ரெஜிஸ்ட்ரார் என்று பெயர். அடுத்த வருடமே வெரிசைன் என்ற கம்பனி, ஏறத்தாழ 21 பில்லியன் டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து நெட்வேர்க் சொலூஷன்ஸை வாங்கிக்கொண்டது. புத்தகம் வெரிசைனின் கைக்குப் போனது. இன்றைக்கும் டொட் கொம் புத்தகம் அவர்களிடம்தான்.

இனித்தான் சண்டை. காலாவதியான பெயரைப் புத்தகத்திலிருந்து அழித்த அந்தக் கணத்தில், எந்தக் கவுண்டர் முதலில் கதவைத் தட்டுகிறதோ பெயர் அதற்கு. அதனால் ரெஜிஸ்ட்ரார்களின் மெஷின்கள் 'விழுந்ததா, விழுந்ததா' என்று ஓயாமல் கேட்கத் தொடங்கின. 2001இல் இது வெரிசைனின் சிஸ்டம் திணறும் அளவுக்குப் போனது. புதுப்பெயர் பதிய வந்த சாதாரண ஆட்களின் வேலையும் தடைப்பட்டது. கடைசியில் விழும் பெயர்களைத் துரத்துகிறவர்களுக்கு வேறு பாதை, மற்றவர்களுக்கு வேறு பாதை என்று பிரிக்க வேண்டி வந்தது.

இந்த நெரிசலுக்குள்தான் பேக்ஓர்டர் பிறந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2000இல் தொடங்கிய ஸ்னாப்நேம்ஸ் கம்பனி இதில் முன்னோடி. சங்கதி லேசானது: உங்களுக்கு வேண்டிய பெயர் இப்போது ஆரிடமோ இருக்கிறது. அது விழுந்தால் எனக்குப் பிடித்துத் தா என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறீர்கள். கதவைத் தட்டுகிற வேலையை அவர்களின் மெஷின் பார்க்கும். 2003இல் கனடாவிலிருந்து பூல் டொட் கொம் வந்தது. ஒரே பெயரைப் பலர் கேட்டிருந்தால் பிடித்தபிறகு அவர்களுக்குள் ஏலம் வைப்பது அவர்களின் வழி. ஸ்னாப்நேம்ஸும் பிறகு ஏலத்துக்கு மாறியது. அதோடு, முதலில் வந்து சொன்னவருக்கு இருந்த முன்னுரிமையும் போய்விட்டது.

வெரிசைனும் சும்மா இருக்கவில்லை. புத்தகத்தை வைத்திருக்கிற நாங்களே ஏன் வரிசையை விற்கக்கூடாது என்று யோசித்தது. ஒரு பெயருக்கு ஒரேயொரு காத்திருப்போர் இடம். வருடத்துக்கு 24 டொலர் அளவில் மொத்த விலை. பெயர் விழுந்தால் போட்டி இல்லாமல் அந்த ஆளுக்கே. ஐகான் சபை 2002இல் இதற்குத் தலையாட்டியது. 2003இல் சில ரெஜிஸ்ட்ரார்கள் வழக்குப் போட்டார்கள். 2004இல் வெரிசைனே ஐகான் மேல் வழக்குப் போட்டது, இந்தத் திட்டத்தை இழுத்தடிப்பதும் அதன் முறைப்பாடுகளில் ஒன்று. திட்டம் கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை.

எங்களுக்குள் இதைப்பற்றி இரண்டு கருத்து உண்டு. ஏலத்தில் காசுக்காரன்தான் வெல்லுவான், முதல் வந்தவனுக்கு முதல் இடம் என்ற வரிசை அதைவிட நேர்மையானது என்பது ஒன்று. ஆனால் பெரும்பாலான நல்ல பெயர்கள் விழுவதே இல்லை. விழாத பெயருக்கு வருடாவருடம் 24 டொலர் வாங்கிக்கொண்டிருக்கலாம். ரிக்கெட் விற்கிறவனே மண்டபத்துக்கும் சொந்தக்காரன் என்றால் அந்த வரிசையை எவ்வளவு நம்பலாம்?

நல்லதாக ஒன்றும் நடந்தது. 2003 தொடக்கத்தில் டொட் கொம்முக்கு மீட்புக் காலம் கொண்டுவரப்பட்டது. பெயரை அழிக்க அனுப்பியபிறகும் பழைய உரிமையாளர் 30 நாளுக்குள் திரும்ப எடுக்கலாம், ஆனால் வழமையான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். அதற்கு முன்னால் 45 நாள் வரையான புதுப்பிப்பு அவகாசம் ஒன்று உண்டு, எத்தனை நாள் தருவது என்பது ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. மீட்புக் காலமும் முடிந்தால் 5 நாள் 'அழிக்கப்படக் காத்திருக்கிறது' என்ற நிலை. அந்த ஐந்து நாளில் ஆராலும் ஒன்றும் செய்யேலாது. இதெல்லாம் இருந்தும் பெரிய இடங்கள் மறக்கத்தான் செய்தன. 2004 பெப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் ஈமெயில் முகவரிக்குரிய பெயர் காலாவதியாகி, பத்திரிகையாளர்களுக்கு ஈமெயில் வராமல் நின்றது. 2010 நவம்பரில் டலஸ் கௌபோய்ஸ் அணி தன் பயிற்றுநரை வேலையால் நிற்பாட்டிய அதே நேரத்தில் அணியின் வெப்சைட் பெயரும் போய், அந்த இடத்தில் சின்னப்பிள்ளைகள் விளையாடுகிற படம் ஒன்று கிடந்தது.

மெஷின்களின் போட்டி இதற்குப் பிறகு வேறு திசைக்குத் திரும்பியது. ஒரு ரெஜிஸ்ட்ராருக்கு இத்தனை இணைப்புகள்தான் என்று வெரிசைன் அளவு வைத்திருக்கிறது. அப்படியென்றால் என்ன செய்வது? ஒரே கம்பனி பல ரெஜிஸ்ட்ரார்களாக மாறுவது. 2016இல் ட்ரொப்கேட்ச் என்ற சேவையை நடத்துகிற கம்பனி 500 புதிய ரெஜிஸ்ட்ரார் அங்கீகாரங்களை ஒரேயடியாக எடுத்தது. பெயருக்குப் பின்னால் இலக்கம் மட்டும் மாறும். ஒவ்வொன்றுக்கும் ஐகானுக்கு வருடம் 4,000 டொலர் கட்டணம். 500ஆல் பெருக்கினால் 2 மில்லியன் டொலர், கதவைத் தட்டும் உரிமைக்கு மட்டும்.

இவ்வளவும் செய்து, ஏலத்தில் நடந்ததையும் பாருங்கோ. 2009 நவம்பரில் ஸ்னாப்நேம்ஸ் ஒரு விடயத்தை வெளியே சொல்லவேண்டி வந்தது. 'ஹல்வாரஸ்' என்ற பெயரில் 2005இலிருந்து ஏலம் கேட்டுவந்த ஆள் கம்பனியின் சொந்த உத்தியோகத்தர். உள்ளேயிருந்தே விலையை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் காலத்து ஏலங்களில் ஏறத்தாழ 5 வீதத்தை இது பாதித்தது என்று கம்பனி சொன்னது. கூடக் கட்டியவர்களுக்கு 5.22 வீத வட்டியோடு காசைத் திருப்பித்தருவதாகவும் அறிவித்தது. எதிரில் நின்று விலை ஏற்றுகிற ஆள் மனிசனா, வியாபாரியா, கடைக்காரனா என்று ஏலம் கேட்கிறவருக்கு அத்தனை வருடமும் தெரியவில்லை.

இந்த வரலாறு தெரிந்தால் பேக்ஓர்டரை எப்படிப் பாவிப்பது என்பதும் பாதி விளங்கிவிடும். எந்தச் சேவையும் பெயரைப் பிடித்துத் தருவேன் என்று உறுதி சொல்லேலாது, அது தன் மெஷின்களை மட்டும்தான் வாடகைக்குத் தருகிறது. அதனால் ஒரே பெயருக்கு இரண்டு மூன்று இடத்தில் சொல்லிவைப்பதுதான் புத்தி. பிடித்தால் மட்டும் காசு எடுக்கிற இடமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கும் முதல், பெயர் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய ரெஜிஸ்ட்ரார்கள் பலர் இப்போது வாங்க ஆள் இருக்கிற காலாவதியான பெயர்களைப் புத்தகத்திலிருந்து அழிக்க விடுவதில்லை. அவகாசக் காலத்திலேயே தங்கட ஏலத்திலோ கூட்டாளியின் ஏலத்திலோ விற்று, புது ஆளின் பெயருக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படியான பெயருக்கு வேறிடத்தில் பேக்ஓர்டர் போட்டுவிட்டு இருப்பது, பஸ் திரும்பாத தரிப்பிடத்தில் குடையோடு நிற்கிற மாதிரி.

ஏலம் என்று வந்தால், கேட்கப்போகும் உச்ச விலையை முதல்நாளே எழுதிவைத்துவிடுங்கோ. ஹல்வாரஸ் கதைக்குப் பிறகு இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பெயரின் பழைய வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். இணைய ஆவணக் களஞ்சியத்தில் பழைய பக்கங்களைத் தேடினால், அது இடையில் சூதாட்டத் தளமாகவோ ஸ்பாமாகவோ இருந்திருக்கிறதா என்று பெரும்பாலும் தெரியவரும். வேறொருவரின் வியாபாரக் குறியை எடுத்து விற்று உழைக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 1999இலிருந்து அதற்கென்றே ஒரு தகராறு விதிமுறை உண்டு, பெயரும் போய், கட்டின காசும் போகும்.

ஆனால் எங்களைப் போன்றவர்கள் கவலைப்பட வேண்டியது பிடிப்பதைப்பற்றி அல்ல, விடுவதைப்பற்றி. தெ ஹேர்பின் என்று அமெரிக்காவில் பெண்கள் நடத்திய நல்லதொரு எழுத்துத் தளம் 2018இல் நின்றது. பெயர் பிறகு காலாவதியாகி வேறு கைக்குப் போனது. வாங்கியவர் அதைச் செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகளால் நிரப்பினார். பழைய கட்டுரைகள் சிலவற்றை விட்டுவைத்தார், ஆனால் எழுதிய பெண்களின் பெயரை எடுத்துவிட்டு ஆண்களின் பெயரைப் போட்டார். 2024இல் வயர்ட் சஞ்சிகை எழுதியபிறகுதான் இது பரவலாகத் தெரியவந்தது. அதே வருடம் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர், டொட் மொபி பெயர்களின் பதிவு விபரங்களை முன்பு தந்துகொண்டிருந்த சேர்வரின் காலாவதியான பெயரை 20 டொலருக்கு எடுத்தார்கள். சில நாட்களுக்குள் 135,000க்கும் மேற்பட்ட கணினிகள் அந்தப் பழைய முகவரிக்கு வந்து கேள்வி கேட்டன, ஆள் மாறியது தெரியாமலே.

தமிழில் இதைத் தேடி அதிகதூரம் போகத் தேவையில்லை. 2000களில் வந்த பழைய பதிவொன்றின் கீழே கிடக்கிற இணைப்புகளை அழுத்திப் பாருங்கோ. இலக்கியம் பேசின முகவரிகளில் சில இப்போது சூதாட்டம் காட்டும். தாளில் வந்த சிற்றிதழ்களைச் சேர்த்துவைக்க நூலகம் போன்ற முயற்சிகள் 2005இலிருந்தே இருக்கின்றன. திரையில் மட்டும் வந்தவை பெரும்பாலும் ஆரோ ஒருத்தரின் கிரெடிட் காட்டை நம்பித்தான் இருந்தன. அவர் வெளிநாடு போனார், ஈமெயிலை மாற்றினார், புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் பழைய முகவரிக்குப் போனது. எங்கட பெயரின் நிலையும் இதுதான் என்று இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போது கண்டோம். இப்போது நினைவூட்டல் மூன்று பேருக்கு வருகிறது, காசும் ஐந்து வருடத்துக்கு முன்கூட்டியே கட்டியாயிற்று.

டொட் கொம் பெயர்கள் அழிக்கப்படுவது வழமையாக அமெரிக்கக் கிழக்குக்கரை நேரம் பின்னேரம் 2 மணிக்குத் தொடங்கும். அங்கே கோடைகாலமென்றால் எங்களுக்கு அது இரவு பதினொன்றரை.